அம்மியில் பேர் வெட்டியவன்

புதிதாக ஒரு வித்தை கைக்கு வந்துவிட்டால் மனிதன் முதலில் பாடாய்ப்படுத்துவது தன் சொந்தக் குடும்பத்தைத்தான். பாட்டு கற்றவன் பிறந்தநாள் விழாக்களைக் கெடுப்பான். கேக் சுடக் கற்றவன் ஆறு மாதத்துக்கு எல்லார் வயிற்றையும் கெடுப்பான். நான் கல்லில் எழுத்து வெட்டக் கற்றேன். என் தங்கை கல்யாணத்தைக் கெடுத்தேன்.

(‘கெடுக்கப் பார்த்தேன்’ என்று எழுதுங்கள் என்கிறாள் என் மனைவி. அன்று மேடையில் பொரித்தட்டோடு நின்றது அவளா, நானா?)

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் ஒரு மின்னணுச் சாமான் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். அதாவது, காலையிலிருந்து மாலை வரை மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவன். இந்த வேலையில் பத்து வருடம் இருந்தவனுக்குத் தன் தப்பு மட்டும் கண்ணில் படாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

என்னோடு இடைநிலைப் பள்ளியில் படித்த சீன நண்பன் ஆ லியோங் கல்லறைக் கற்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். பெரும்பாலான எழுத்துகளை இயந்திரமே வெட்டிவிடும். கையால் வெட்டித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு மட்டும் அவனே உளியை எடுப்பான். ஒருநாள் அவனைச் சாப்பிடக் கூப்பிடப் போனவன், அவன் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்று சாப்பாட்டை மறந்துவிட்டேன். முதலில் எழுத்தின் நடுவே ஒரு கோடு. பிறகு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சரிவு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சரிவு. இரண்டும் பள்ளத்தின் அடியில் சந்திக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது ஒரு சரிவு இருட்டாகும், மற்றது மின்னும். மை இல்லாமலே எழுத்து எழுந்து நிற்கும். எனக்கு அதன் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

அன்று முதல் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தப் பட்டறையில்தான். சலவைக்கல் துண்டுகளைக் கொடுத்து, “வெட்டு, கெடு, திரும்ப வெட்டு” என்று விட்டுவிட்டான். முதல் ‘அ’ வெட்ட மூன்று ஞாயிறுகள் ஆயின. பார்த்தவர்கள் அதை நத்தை என்றார்கள். ஒரு வருடத்தில் ஓரளவு தேறினேன். தேறியதும் தொந்தரவு தொடங்கியது. எங்கள் தாமான் குடியிருப்பில் கேட்காதவர்களுக்கெல்லாம் வீட்டுப் பெயர் வெட்டிக் கொடுத்தேன். அம்மாவுக்கு ஆசையாக ‘அம்மா’ என்று ஒரு வெள்ளைச் சலவைக்கல்லில் வெட்டி வாசலில் வைத்தேன். மறுநாளே அது சமையலறை அலமாரிக்குள் போய்விட்டது.

“வாசல்ல வச்சா நான் போய்ட்டேன்னு மாலை கொண்டாந்துருவாங்கடா” என்றார் அம்மா.

இந்தச் சமயத்தில்தான் தங்கை வினோதினிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை சிவபாலன், அவளோடு ஒரே பள்ளியில் ஆசிரியர். ரொம்ப அமைதியானவர். அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் கேட்க வேண்டுமென்றால் நாம் பசியாறப் போய்விட்டுத் திரும்ப வர வேண்டும். ஊர் பெக்கோக். அவர் சின்னப் பையனாக இருந்தபோதே அவருடைய அப்பா இறந்துவிட்டார். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி அவரைப் படிக்க வைத்தவர். அந்த அம்மாவை நாங்கள் எல்லாரும் அத்தை என்போம்.

அத்தைக்கு இந்தச் சம்பந்தம் முதலில் பிடிக்கவில்லை. சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். இரண்டு வருடம் பிடிவாதமாக இருந்து, கடைசியில் மகன் முகத்துக்காக இறங்கி வந்தார். வந்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“சடங்கு ஒன்னு விடாம செய்யணும். அரைகொறையா செஞ்சீங்கன்னா, ஆம்பள இல்லாத வீடு, அப்படித்தான்னு எங்க ஆளுங்க என்னைத்தான் பேசுவாங்க. அப்புறம் அம்மி. மண்டபத்துக்காரன் பெயிண்ட் அடிச்சு ஒரு பொம்மை அம்மி கொண்டாருவான். அதெல்லாம் வேணாம். நெசமான கல்லு வேணும்.”

கல்யாணம் முடிந்ததும் வினோ அந்த வீட்டில்தான், அத்தையோடுதான் வாழப்போகிறாள். அத்தை மனம் கோணாமல் அந்த ஒரு நாள் கடந்துவிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தோம். அப்பா வேலைகளைப் பிரித்தபோது, என் பழைய சாதனைகளை நினைத்தோ என்னவோ, எனக்கு ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார்.

“நீ அம்மிய மட்டும் பாத்துக்க. தூக்கிட்டுப் போய் மண்டபத்துல வைக்கணும். அவ்வளவுதான். வேற எதையும் தொடாத.”

எங்கள் அம்மி, பாலோ ஊர்த் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து எங்களோடு வந்த கருங்கல் அம்மி. மிக்சி வந்த பிறகு பின்வாசலில் துணி வாளி வைக்கும் மேடையாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நகர்த்திக் கழுவினேன். ஈரம் காயும்போது மாலை வெயில் பக்கவாட்டில் அதன் மேல் விழுந்தது. அந்த நொடியில் என் மண்டையில் ஒரு யோசனை உதித்தது. தங்கைக்கு என் கையால் ஒரு பரிசு. இந்த அம்மியின் முகத்தை வழவழவென்று தேய்த்து, அதில் மணமக்கள் பெயரை வெட்டினால்?

இப்போது நினைத்தாலும் அந்த அழகான யோசனைக்காக என் தலையில் ஒரு கொட்டு வைக்கத் தோன்றுகிறது.

“பாலிஷ் போட்டுக் கொண்டாறேன்மா” என்று சொல்லி அம்மியைப் பட்டறைக்குக் கடத்தினேன். கருங்கல் சலவைக்கல் மாதிரி இல்லை. உளி பட்டால் சலவைக்கல் சீவிக்கொண்டு வரும். கருங்கல் பொடிப்பொடியாகத்தான் கொட்டும். ஒரு நாளைக்கு இரண்டு அங்குலம் நகர்ந்தால் அது பெரிய நாள். வேலை முடிந்து தினமும் பட்டறைக்குப் போய் நாற்பது நாள் குனிந்து கிடந்தேன். ‘சிவபாலன்’ ஓரளவு சாதுவான பெயர். ‘வினோதினி’யில் வளைவுகள் அதிகம். ஒவ்வொரு சுழியும் என் முதுகில் ஒரு பிடிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் முடிந்தது. ஆனால் முடிந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் நான் வெட்டியவற்றிலேயே நல்ல எழுத்து. ஓரங்கள் ஒரு இடத்தில்கூட சிதையவில்லை. விரலால் தடவினால் கீறும் அளவுக்குக் கூர்மை.

ஆ லியோங் வந்து பார்த்தான். கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றான். பிறகு மெதுவாக, “சியாப்பா மாத்தி?” என்றான். (யார் செத்தது?)

“யாரும் சாகலலா! என் தங்கச்சி கல்யாணம்” என்று மலாயில் விளக்கினேன். அவனுக்கு நிம்மதி. உயிரோடு இருப்பவர்கள் பெயர் என்றால் சிவப்புதான் பூச வேண்டும், அவர்கள் வழக்கம் அப்படி என்று சொல்லி ஒரு டின் சிவப்புப் பெயிண்டும் மெல்லிய தூரிகையும் கொடுத்தான். நம் ஊரிலும் குங்குமச் சிவப்பு மங்கலம்தானே என்று நானும் பூசினேன். காய மூன்று நாள் விடு என்றான். அன்று வெள்ளிக்கிழமை. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஒரு சனிக்கிழமை முழுக்க ஜொகூரில் மழை கொட்டியது.

போகும்போது ஆ லியோங் இன்னொன்றும் கேட்டான். கல்யாணத்தில் இந்தக் கல்லை எங்கே வைப்பீர்கள் என்று. தரையில் என்றேன். “தரையிலா? பேரையா?” என்று புருவத்தைச் சுருக்கினான். வேலை தன்னைவிட நன்றாக வந்துவிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் ஐந்நூறு பேர். அம்மியைப் பட்டுத்துணியால் மூடி மணவறை ஓரத்தில் வைத்தேன். யாரும் திறக்கக் கூடாது என்று காவலும் இருந்தேன். அறிவிப்பாளரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். வீடியோ எடுப்பவரிடம், “நான் துணிய எடுக்கறப்ப கிட்ட வந்து எடுங்க” என்றேன். மேடைக்கு இரு பக்கமும் பெரிய திரை வைத்திருந்தார்கள். பின்வரிசைக்கும் தெரிய வேண்டுமே!

தாலி கட்டியாயிற்று. ஏழடி நடந்தாயிற்று. அடுத்தது அம்மி. பெண்ணின் அண்ணன் பொரி போட வேண்டும் என்பதால் நானும் பொரித்தட்டோடு பக்கத்திலேயே நின்றேன். குருக்கள், “மாப்பிள்ளை, பொண்ணோட வலது காலப் பிடிச்சு அம்மி மேல வைங்க. இந்தக் கல்லு மாதிரி ஆடாம அசையாம இருக்கணும்னு அர்த்தம்” என்றார். சிவபாலன் குனிந்து வினோவின் பாதத்தைப் பிடித்தார். நான் அறிவிப்பாளரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

“மணமகளின் அன்பு அண்ணன், தன் கைப்பட, உளி கொண்டு, நாற்பது நாள் செதுக்கிய அன்புப் பரிசு!”

நான் ஒரு அமைச்சர் கல்வெட்டைத் திறந்து வைக்கும் தோரணையில் துணியை இழுத்தேன். இரண்டு திரையிலும் சிவப்பு எழுத்துகள் பளிச்சென்று எழுந்தன. மண்டபமே கை தட்டியது. மூன்று நொடி இருக்கும். பிறகு முன்வரிசையில் கைதட்டல் நின்றது. அடுத்த வரிசையில் நின்றது. கடைசி வரிசையில் யாரோ ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்துவிட்டு அவரும் நிறுத்தினார்.

வினோவின் கால் அம்மிக்கு ஒரு சாண் மேலே, சிவபாலன் கையில், அப்படியே நின்றது.

“அண்ணே” என்றாள் மெதுவாக. “இது மேலயா கால வைக்கணும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்தித்தாளில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்கள் வீடு. எழுத்தை மிதித்தால் படிப்பு வராது என்று சின்ன வயதில் வினோவுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். நாற்பது நாள் அந்த எழுத்துகளின் மேல் குனிந்து கிடந்தேன். ஒவ்வொரு சுழியையும் யோசித்தேன். அம்மி எதற்கு என்பதை மட்டும் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அதுவும் என்ன எழுத்து? புருஷன் பெயர். அந்தப் பெயருக்குள்ளே சாமி பெயர்!

“அலாமாக்” (ஐயையோ) என்று முன்வரிசையில் யாரோ வாய்விட்டே சொன்னார்கள்.

அத்தை எழுந்து மேடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

“அவங்கப்பா பேர நான் இன்னி வரைக்கும் வாயால சொன்னதில்ல, தம்பி. எம்மவன் பேர மிதிச்சுக்கிட்டா என் மருமக என் வீட்டுக்குள்ள வரணும்?”

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். துணியைப் போட்டு மூடிவிடலாம் என்றார் ஒரு மாமா. “மூடிட்டா பேர் இல்லாமப் போயிருமா?” என்றார் அத்தை. கல்லைத் திருப்பிப் போடலாம் என்றார் இன்னொருவர். நாலு பேர் சேர்ந்து திருப்பினோம். அம்மியின் அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருந்தது. மேல்பக்கம் நான் பாலிஷ் போட்ட வழவழப்பு. திருப்பிப் போட்ட அம்மி தரையில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. ஒரு மாமா காலை வைத்துப் பார்த்தார். வழுக்கிய வேகத்தில் குருக்கள் மடியில் போய் உட்கார்ந்தார்.

“ஆடாம அசையாம இருக்கணும்னுதானேய்யா இந்தச் சடங்கே” என்றார் குருக்கள், மாமாவை எழுப்பிவிட்டபடி. “நல்ல நேரம் முடியப்போவுது. சீக்கிரம் ஒரு முடிவு பண்ணுங்க.”

“நான் அழிச்சிடுறேன்” என்றேன்.

“எவ்வளவு நேரமாவும்?” என்று அப்பா கேட்டார்.

“ரெண்டு வாரம்.”

அப்பா என்னை அதன் பிறகு பார்க்கவில்லை. வினோ தலை குனிந்தபடி அழத் தொடங்கினாள். மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. அதையும் அந்த இரண்டு திரைகளும் காட்டிக்கொண்டிருந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிது. இன்று சாயங்காலம் இவள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய சம்மதத்தை நான் ஒரு உளியால் உடைத்துவிட்டேனே!

அப்போது சிவபாலன் பேசினார்.

“கல்ல நேரா திருப்புங்க.”

திருப்பினோம். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடது கையைத் தன் பெயரின் மேலும், வலது கையை வினோவின் பெயரின் மேலும் விரித்து வைத்தார். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

“இப்ப பேர் மேல படாது. என் கை மேலதான் படும். வை, வினோ.”

குருக்கள் தாடையைச் சொறிந்தார். “கட்டைவிரல் கல்லுல பட்டாப் போதும், சரி. ஆனா கால மாப்பிள்ளைதானே பிடிச்சு வைக்கணும்? மெட்டி யாரு போடறது?”

சிவபாலன் நிமிர்ந்து பார்த்தார். “அம்மா, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. நீங்க வாங்க.”

அத்தை ஓரடி பின்னால் நகர்ந்தார். அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அன்று காலையிலிருந்து அத்தை இரண்டாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மகன் கல்யாணத்தில் மணவறைப் பக்கமே வரவில்லை. யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. தாலித்தட்டு அவரைத் தாண்டித்தான் சுற்றி வந்தது. என்னைத் திட்டுவதற்காகத்தான் முதல் தடவையாக மேடை ஏறியிருந்தார்.

“அவங்க எப்படி... சுமங்கலி யாராச்சும் வாங்களேன்” என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

வினோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேற யாரும் வேணாம். நீங்களே வைங்க, அத்தை.”

அத்தை குருக்களைப் பார்த்தார். குருக்கள் தொண்டையைக் கனைத்தார். “பெத்த தாய் கை. இதுல என்னம்மா இருக்கு? உக்காருங்க, நேரமாவுது.”

அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். இருபது வருடம் உளி பிடித்த கை அது. மரத்தில் கோடு போட்ட உளி. வினோவின் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி, மகன் கைகளின் மேல் வைத்தார். பெருவிரல் கல்லில் பட்டது. மெட்டியை மாட்டினார். உடனே எழுந்துவிடவில்லை. பாதத்தைப் பிடித்தபடியே, “கெட்டியா நில்லு, என்னா” என்றார். நாதஸ்வரக்காரர் யாரும் சொல்லாமலே வாசிக்கத் தொடங்கினார். பொரித்தட்டைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அதைத் திரையில் பார்த்தவர்கள் குற்ற உணர்ச்சி என்று நினைத்திருப்பார்கள். அதுவும்தான்.

இதெல்லாம் நடக்க ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒன்றரை நிமிடமும் பட்டுப்புடவை, நகை, மாலை சகிதம் ஒரு முழு மணப்பெண் சிவபாலன் கைகளின் மேல் நின்றுகொண்டிருந்தாள். கைகளுக்கு அடியில் என் எழுத்துகளின் கூரிய ஓரங்கள்.

“அம்மா, சீக்கிரம்” என்றார் சிவபாலன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கையை எடுத்தபோது ‘சர்க்’ என்று ஒரு சத்தம் வந்தது. காயாத பெயிண்ட். ஒரு உள்ளங்கையில் சிவபாலனும் இன்னொன்றில் வினோதினியும், கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பி அச்சாகியிருந்தார்கள். அன்று மாலை விருந்துக்கு வந்து கை குலுக்கிய ஒவ்வொருவரும் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மொய் உறையைக் கொடுத்தார்கள். மண்ணெண்ணெய் போட்டும் ஒரு வாரம் போகவில்லை. தேன்நிலவிலிருந்து திரும்பி வகுப்புக்குப் போன சிவபாலனின் கையைப் படிக்க மாணவர்கள் கழிவறையிலிருந்து கண்ணாடி கழற்றி வந்தார்கள் என்று கேள்வி.

அம்மா மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கல்யாணத்தைக் கெடுத்ததற்காக அல்ல, அம்மியின் முகத்தை வழவழப்பாக்கியதற்காக. (துணி வாளி வழுக்குகிறதாம்.) இன்றும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், முதல் நாள் யாராவது அப்பாவுக்குப் போன் செய்து, “அம்மி பக்கம் அவன் போகலதானே?” என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போவார்கள்.

ஆனால் பெக்கோக் வீட்டில் ஓடுகிற வேடிக்கை வேறு. வினோவுக்கும் சிவபாலனுக்கும் சண்டை வந்தால் வினோதான் பேசுவாள். பேசி முடிக்கும் வரை அவர் பொறுமையாகக் கேட்பார். முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் விரித்து வைப்பார். ‘வை’ என்று கண்ணால் காட்டுவார். கோபமாக இருக்க வேண்டும் என்று எவ்வளவு முயன்றாலும் வினோவுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்துவாள்.

“அத்தை! உங்க மவன் கைய வச்சுட்டாரு. வந்து என் கால எடுத்து வைங்க!”

அத்தை எழுந்து வரமாட்டார். அடுப்படியிலிருந்தே பதில் வரும்.

“எனக்கு முட்டி வலிக்குது. ஸ்கூடாய்க்குப் போன் போடு. உங்கண்ணன் வந்து வைக்கட்டும்!”